சோக்காட் தரவுத்தொகுப்பு: துருவக் கடல்களின் கார்பன் கணக்குக்கு எவ்வளவு தூரம் துணை நிற்கிறது?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் மனிதர் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது என்பதும், அதில் பெரும்பங்கு குளிர்ந்த உயர் அட்சரேகைக் கடல்களின் வழியாகவே உள்ளே நுழைகிறது என்பதும் இன்று பரவலாக அறியப்பட்ட செய்திகள். இச்செய்திகளுக்கு அடிப்படையான அளவீடுகள் எவை என்று தேடத் தொடங்குபவர் விரைவிலேயே வந்து சேரும் இடம், சோக்காட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேற்பரப்புக் கடல் கார்பன் டை ஆக்சைடு அட்லஸ். எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிப் பயன்படுத்தக்கூடிய இந்தத் தொகுப்பைத் துருவக் கடல்களில் ஆர்வம் கொண்ட ஒரு பயனரின் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் உள்ள எண்களைப் போலவே இதில் இல்லாத எண்களையும் கவனித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு இதற்கு இணையான தொகுப்பு வேறில்லை. அந்தக் கவனம் இல்லாதவரை இதே தொகுப்பு எளிதில் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றுவிடும் என்பதே என் மதிப்பீடு.

தொகுப்பின் உள்ளடக்கத்திலிருந்து தொடங்கலாம். முதல் பதிப்பு 2011-இல் 63 லட்சம் அளவீடுகளுடன் வெளிவந்தது. 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில், 1957 முதல் 2022 வரையிலான காலத்தைச் சேர்ந்த, தரம் சரிபார்க்கப்பட்ட 3.56 கோடி அளவீடுகள் இடம்பெற்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆய்வுக் கப்பல்களிலும் வழக்கமான தடங்களில் செல்லும் வணிகக் கப்பல்களிலும் பொருத்தப்பட்ட கருவிகளிலிருந்து வந்தவை. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சப்படும் கடல்நீர் ஒரு மூடிய கலனுக்குள் தூவப்படுகிறது. கலனில் உள்ள காற்று அந்நீருடன் சமநிலையை எட்டியதும், அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அளவை அகச்சிவப்புப் பகுப்பாய்வி கணக்கிடுகிறது. செறிவு முன்னரே துல்லியமாக அறியப்பட்ட வாயுக்கலவைகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அதே பகுப்பாய்விக்குள் செலுத்தி, கருவி காட்டும் அளவு மெல்ல விலகிச் சென்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குழாய் வழியே வரும்போது நீர் சற்றே சூடாவதால், கடலின் வெப்பநிலையும் கலனின் வெப்பநிலையும் தனித்தனியாகப் பதிவாகின்றன. குளிர்ந்த கடல்களில் இந்த வேறுபாடு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு என்பதால், இரண்டு வெப்பநிலைகளும் தொகுப்பின் ஒவ்வொரு வரிசையிலும் இடம்பெற்றிருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தரக்குறியீடு இத்தொகுப்பின் முதுகெலும்பு. ஒவ்வொரு பயணத்தின் தரவுக்கும் ஏ முதல் ஈ வரை ஒரு குறி வழங்கப்படுகிறது. ஏ, பி ஆகிய குறிகள் 2 மைக்ரோஅட்மாஸ்பியருக்குள்ளான (ஒரு மைக்ரோஅட்மாஸ்பியர் என்பது இயல்பான காற்றழுத்தத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துல்லியத்தையும், சி, டி ஆகியவை 5 மைக்ரோஅட்மாஸ்பியருக்குள்ளான துல்லியத்தையும் குறிக்கின்றன. 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட துல்லியம் கொண்டவை ஈ குறியுடன் முதன்மைத் தொகுப்பிலிருந்து பிரித்துத் தனியே வைக்கப்படுகின்றன. காற்றில் இவ்வாயுவின் அழுத்தம் 400 மைக்ரோஅட்மாஸ்பியரைத் தாண்டிவிட்ட நிலையில் 2-க்கும் 10-க்கும் இடையே என்ன பெரிய வேறுபாடு என்று முதல் பார்வையில் தோன்றலாம். ஆனால் கடல் உறிஞ்சுவதற்கான உந்துவிசை, காற்றிலும் நீரிலும் இவ்வாயுவின் அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடுதான். உலக சராசரியாகப் பார்த்தால் அவ்வேறுபாடு சில மைக்ரோஅட்மாஸ்பியர்கள் மட்டுமே. ஆண்டுக்குச் சுமார் 290 கோடி டன் கார்பனைக் கடல் உள்வாங்குகிறது என்ற கணக்கு, இவ்வளவு சிறிய வேறுபாட்டின் மீது நிற்கிறது. எனவே அளவீட்டில் ஒரே திசையில் சாயும் சிறு பிழைகூட, உலகளவில் கூட்டும்போது பெரிய பிழையாக வளர்ந்துவிடும். இந்தக் கண்டிப்பைத் தொகுப்பாளர்கள் தளர்த்தாமல் காத்து வருவது பாராட்டுக்குரியது.

துருவக் கடல்களைப் பற்றி இத்தொகுப்பு கற்றுத்தரும் முதல் பாடம், குளிர் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை என்பது. குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரையும் என்பது உண்மையே: 0 பாகை செல்சியஸில் கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடின் கரைதிறன், 25 பாகையில் உள்ளதைவிட இரு மடங்குக்கும் மேல். வேறு எதுவும் மாறாமல் நீர் ஒரு பாகை குளிர்ந்தால் அதிலுள்ள இவ்வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 4 சதவீதம் குறையும் என்பது, தாரோ தகஹாஷி 1993-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இத்துறையில் அனைவரும் கையாளும் விதி. வட அட்லாண்டிக்கில் வளைகுடா நீரோட்டம் சுமந்து வரும் வெதுவெதுப்பான நீர் வடக்கு நோக்கி நகர்ந்து குளிரக் குளிர அழுத்தம் எவ்வாறு சரிந்துகொண்டே போகிறது என்பதை, சோக்காட்டின் வெப்பநிலைப் பத்தியையும் வாயு அழுத்தப் பத்தியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் தாமே கண்டுகொள்ளலாம். அதே நீரில் வசந்தத்தில் பெருகும் மிதவை நுண்பாசிகள் அழுத்தத்தை இன்னும் கீழே இறக்குவதையும் அங்கே காணலாம்.

ஆயினும் மனிதர் கூடுதலாகச் சேர்த்த கார்பனைப் பொறுத்தவரை, குளிர்ந்த நீரின் வேதியியல் அதற்கு எதிராகவே நிற்கிறது. கடலில் கரைந்த கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட்டாகவும், ஏறத்தாழ 9 சதவீதம் கார்பனேட்டாகவும், 1 சதவீத அளவு மட்டுமே வாயு வடிவிலும் இருக்கிறது. புதிதாக நுழையும் வாயுவை எதிர்கொண்டு அதைப் பைகார்பனேட்டாக மாற்றுவது கார்பனேட்தான்; அது குளிர்ந்த துருவ நீரில் குறைவாகவே உள்ளது. காற்றில் வாயுவின் அழுத்தம் 10 சதவீதம் கூடினால், வெப்பமண்டல நீரின் மொத்தக் கரைந்த கார்பன் 1 சதவீதத்துக்குச் சற்று மேலாகவும், அண்டார்க்டிக் நீரின் கார்பன் 0.7 சதவீத அளவிலும்தான் கூடுகிறது. அப்படியிருந்தும் தெற்கே 30 பாகைக்கு அப்பாலுள்ள கடல்கள், உலகக் கடற்பரப்பில் 30 சதவீதமே ஆன நிலையில், மனிதர் சேர்த்த கார்பனில் கடலுக்குள் செல்வதில் சுமார் 40 சதவீதத்தை எடுத்துக்கொள்வதாக கணினி மாதிரிகளைக் கொண்ட 2015-ஆம் ஆண்டு ஆய்வு கணித்தது. தொழிற்புரட்சிக்கு முன் கடைசியாகக் காற்றைத் தொட்ட ஆழ்நீர் அங்கே இடைவிடாது மேலெழுந்து வருகிறது என்பதும், மேற்பரப்பில் கார்பனை ஏற்றுக்கொண்ட நீர் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் கலக்கப்பட்டு, துணை அண்டார்க்டிக் நீராகவும் அண்டார்க்டிக் இடைநிலை நீராகவும் வடக்கு நோக்கி அடியில் நழுவிச் செல்கிறது என்பதுமே இதற்குக் காரணம். மேற்பரப்பில் இடம் தொடர்ந்து காலியாகிக்கொண்டே இருக்கும் கடல்தான் தொடர்ந்து உறிஞ்ச முடியும். குளிர் இதற்கு உதவுவது, நீரை அடர்த்தியாக்கி அமிழச் செய்வதன் மூலமே.

இங்கேதான் சோக்காட்டின் முதல் வரம்பு வெளிப்படுகிறது. மேலெழும் ஆழ்நீர் மனிதக் கார்பன் அற்றது என்றாலும், நூற்றாண்டுகளாகச் சிதைந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்த இயற்கைக் கார்பன் அதில் நிறைந்திருக்கிறது. மேற்பரப்பை அடைந்ததும் அதில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. கப்பலின் கருவி அளப்பது, இயற்கையான வெளியேற்றமும் மனிதர் தூண்டிய உறிஞ்சலும் ஒன்றோடொன்று கழிந்த பின் எஞ்சும் நிகர நிலையை மட்டுமே. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால், கடலின் உட்பகுதியில் குப்பி குப்பியாக நீர் எடுத்து அளந்த குளோடாப் போன்ற தொகுப்பை நாடியாக வேண்டும். 1994-க்கும் 2007-க்கும் இடையே கடலில் சேர்ந்த மனிதக் கார்பன் 3,400 கோடி டன் என்று 2019-இல் வெளியான மதிப்பீடு அவ்வகை ஆழ்நீர் அளவீடுகளிலிருந்து பெறப்பட்டது. சோக்காட் தரும் நிகர எண்ணை மனிதக் கார்பனின் எண்ணாக எழுதிவிடும் கட்டுரைகள் பொது ஊடகங்களில் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. ஆறுகள் கொண்டு சேர்க்கும் கார்பன் தொழிற்புரட்சிக்கு முன்பே கடலிலிருந்து காற்றுக்கு வெளியேறி வந்ததை ஈடுசெய்யும் திருத்தத்தைச் சேர்க்காமல் அவ்வாறு எழுதுவது பிழை.

அடுத்த வரம்பு இன்னும் முக்கியமானது: குளிர்காலம். தென் பெருங்கடலில் பெரும்பாலான கப்பல்கள் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பொருள் கொண்டுசெல்லும் கோடை மாதங்களிலேயே பயணிக்கின்றன. பனிக்கட்டி விரிந்து, இரவு நீண்டு, புயல் அடுத்தடுத்து வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் அளவீடுகள் மிகவும் அரிது. 2002 முதல் ஆண்டு முழுவதும் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிக்காவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடந்து அளந்து வந்த லாரன்ஸ் எம். கோல்டு கப்பலின் தொடர் ஒரு விலைமதிப்பற்ற விதிவிலக்கு. குளிர்காலத்தில்தான் ஆழ்நீர் மேற்பரப்போடு வலுவாகக் கலக்கிறது. காற்றின் வேகம் கூடக் கூட வாயுப் பரிமாற்றம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், சில வாரப் புயல்கள் அப்பகுதியின் ஆண்டுக் கணக்கையே மாற்றிவிடக்கூடும். அதாவது கணக்கைத் தீர்மானிக்கும் பருவமும் அளவீடு இல்லாத பருவமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இந்த வெற்றிடத்தை மறைக்காமல் காட்டுவது இத்தொகுப்பின் நேர்மை. தனித்தனி அளவீடுகளோடு, ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற அளவில் மாதவாரியாக அமைக்கப்பட்ட கட்டத் தரவும் வழங்கப்படுகிறது. அதில் அளவீடு இல்லாத கட்டங்கள் வெறுமையாகவே விடப்பட்டுள்ளன. அக்கம்பக்க மதிப்புகளைக் கொண்டு நிரப்பும் வேலை செய்யப்படவில்லை. சராசரி மதிப்புக்குத் துணையாக, எத்தனை அளவீடுகள், எத்தனை பயணங்கள், மதிப்புகளின் பரவல் என்ன, அளந்த இடங்களின் சராசரி கட்டத்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பனவும் தனித்தனி மாறிகளாக உள்ளன. சராசரியைத் திறக்கும் முன் எண்ணிக்கை மாறியை வரைபடமாக்கிப் பாருங்கள் என்று இத்தொகுப்புக்குப் புதியவர்கள் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்த விரும்புகிறேன். ஆகஸ்ட் மாதத்துக்கு 60 பாகைக்குத் தெற்கே அவ்வரைபடத்தைப் பார்த்துவிட்டவர், செய்திகளில் வரும் வண்ணம் தீட்டிய முழுமையான உலக வரைபடங்களைப் பிறகு அதே நம்பிக்கையோடு பார்க்க மாட்டார். அந்த முழுமை, நரம்பியல் வலையமைப்பு முதலிய கணித முறைகள் வெப்பநிலை, உவர்ப்பு, பச்சையம், கலப்படுக்கின் (காற்றாலும் அலையாலும் நன்கு கலந்த மேல்நீரின்) ஆழம் ஆகியவற்றைக் கொண்டு ஊகித்து நிரப்பியது. அம்முறைகள் தேவையானவை, பயனுள்ளவை. ஆனால் அவை அளவீடு அல்ல.

வெற்றிடத்தை நிரப்ப வந்த போட்டித் தொகுப்பையும் இங்கே ஒப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். 2014-இல் தொடங்கிய சோக்காம் திட்டம், தென் பெருங்கடலில் தானியங்கி மிதவைகளை இறக்கியது. ஒவ்வொரு மிதவையும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பம், உவர்ப்பு, ஆக்சிஜன், நைட்ரேட், பிஎச் ஆகியவற்றை அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. தலைக்கு மேல் பனிக்கட்டி இருப்பதை வெப்பநிலையைக் கொண்டு உணர்ந்தால் மேற்பரப்புக்கு வராமலே திரும்பி, சேர்த்து வைத்த தரவைப் பனி விலகிய பின் அனுப்பும். கப்பல்கள் போகாத பருவத்தில் கிடைத்த இத்தரவு 2018-இல் ஒரு பெரிய கேள்வியை எழுப்பியது: அண்டார்க்டிக்கைச் சூழ்ந்த மேலெழுநீர் வளையத்தில் குளிர்காலத்தில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, முன்பு எண்ணியதைவிட மிக அதிகம் என்று அது காட்டியது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வொன்று, 35 பாகைக்குத் தெற்கே 2015 முதல் 2017 வரையிலான உறிஞ்சலைக் கப்பல் தரவை மட்டும் கொண்டு ஆண்டுக்கு 114 கோடி டன் என்றும், மிதவைகளுக்கு முதன்மை தந்து 35 கோடி டன் என்றும், இரண்டையும் இணைத்து 75 கோடி டன் என்றும் கணித்தது. ஒரே கடலுக்கு, ஒரே காலத்துக்கு, மூன்று மடங்குக்கும் மேலான இடைவெளி.

எதை நம்புவது? மிதவை வாயுவின் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. பிஎச் மதிப்பிலிருந்தும் மதிப்பிட்டுப் பெற்ற காரத்தன்மையிலிருந்தும் அதைக் கணக்கிடுகிறார்கள். அவ்வாறு பெறும் மதிப்பின் ஐயப்பாடு சுமார் 11 மைக்ரோஅட்மாஸ்பியர்; சோக்காட்டின் ஈ குறிக்குரிய வரம்பைக்கூட அது தாண்டுகிறது. எல்லா மிதவைகளும் ஒரே திசையில் சிறிதளவு சாய்ந்திருந்தாலும் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும். 2019-இல் ஆளில்லாப் பாய்மரக் கலம் ஒன்று 196 நாட்களில் அண்டார்க்டிக்கைச் சுற்றி வந்து, குளிர்காலத்திலும் வாயு அழுத்தத்தை நேரடியாக அளந்தபோது, மிதவைகள் கூறிய அளவுக்கு வலுவான வெளியேற்றத்தைக் காணவில்லை. 2009 முதல் 2018 வரை வானூர்திகள் தென் பெருங்கடலுக்கு மேல் காற்றில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வும், 45 பாகைக்குத் தெற்கே ஆண்டுக்கு 53 கோடி டன் உறிஞ்சப்படுவதாகக் கண்டு, கப்பல் தரவின் பக்கமே நின்றது. ஆகவே அளவின் துல்லியத்தில் சோக்காட்டையே நான் முன்வைப்பேன். ஆனால் பருவச் சுழற்சியின் வடிவத்தையும் ஆழத்தில் நடப்பதையும் அறிய மிதவைகளுக்கு மாற்று இல்லை. மேலெழுநீர்ப் பகுதியில் குளிர்கால வெளியேற்றம் இருக்கிறது என்பதை அவை போல வேறு எதுவும் இத்தனை இடங்களில் தொடர்ந்து காட்டவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துப் படிப்பதே முறை.

நீண்ட காலப் போக்கை ஆராய்வோருக்கு இத்தொகுப்பு தந்த பயனையும் குறிப்பிட வேண்டும். 1981 முதல் 2004 வரை தென் பெருங்கடலின் உறிஞ்சல் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை என்று, வளிமண்டல அளவீடுகளைக் கொண்டு 2007-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்து ஆழ்நீரைக் கூடுதலாக மேலே இழுத்ததே காரணம் என்று அது கருதியது. 2002-ஐ ஒட்டி அப்போக்கு திரும்பி உறிஞ்சல் மீண்டும் வலுப்பெற்றதை 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது; அதற்கு அடித்தளமாக இருந்தது சோக்காட்டின் மேற்பரப்பு அளவீடுகள்தாம். பத்தாண்டு அளவில் இப்படி ஏறி இறங்கும் ஒரு கடலை, ஒரு சில ஆண்டுகளின் தரவைக் கொண்டு எடைபோட முடியாது என்பதே பழைய பயணங்களின் தரவையும் பாதுகாப்பாகச் சேர்த்து வைத்திருப்பதன் பெருமதிப்பு.

ஆர்க்டிக்கைப் பொறுத்தவரை தொகுப்பு மெலிந்தது. 70 பாகைக்கு வடக்கே உள்ளவை தனி மண்டலமாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும், கிரீன்லாந்துக் கடல், பேரன்ட்ஸ் கடல் போன்ற விளிம்புகளை விட்டு உள்ளே செல்லச் செல்ல அளவீடுகள் அருகிவிடுகின்றன. பனி உருகிய கனடியப் படுகையின் மேற்பரப்பு நீர், மெல்லிய நன்னீர்ப் படலத்தால் ஆழத்திலிருந்து பிரிக்கப்பட்டு, காற்றோடு விரைவில் சமநிலையை எட்டிவிடும். எனவே பனி விலகினால் உறிஞ்சல் பெருகும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பொருந்தாது என்று 2010-இல் ஓர் ஆய்வுக்குழு அளந்து சொன்னது. அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அடர்த்தியான தரவை இத்தொகுப்பிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

பயன்பாட்டு எளிமை பற்றியும் சில சொற்கள். இணையத்தில் உள்ள பயணத் தரவுக் காட்டி, இடத்தையும் காலத்தையும் தேர்ந்து தேவையானதை மட்டும் பார்க்கவும் தரவிறக்கவும் உதவுகிறது. தென் பெருங்கடல், ஆர்க்டிக் எனத் தனித்தனி மண்டலக் கோப்புகளும் உண்டு. உலகக் கோப்பு மிகப் பெரியதாகையால் மண்டலக் கோப்பிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. கோப்புகள் எளிய எழுத்து வடிவில் உள்ளன; தொடக்கத்தில் மிக நீண்ட முன்னுரைப் பகுதி இருப்பதால் நிரல் எழுதத் தெரியாதவர் சற்றுத் திணறுவார். வாயுப் பரிமாற்றத்தைக் கணக்கிடத் தேவையான காற்றின் வேகம் இத்தொகுப்பில் இல்லை. அதை வானிலை மறுபகுப்பாய்வுத் தரவிலிருந்து, அதாவது பழைய வானிலை அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்துப் பெறும் தரவிலிருந்து, தனியே பெற வேண்டும். கருவி அளப்பது சில மீட்டர் ஆழத்து நீரை. காற்றைத் தொடும் மேல்தோலோ ஒரு பாகையில் ஒரு சிறு பின்னம் கூடுதலாகக் குளிர்ந்திருக்கும். இச்சிறு வேறுபாட்டையும் அளவிடும் ஆழத்தையும் கருத்தில் கொண்டு திருத்தினால் உலகக் கடலின் உறிஞ்சல் ஆண்டுக்கு 80 முதல் 90 கோடி டன் வரை கூடும் என்று 2020-இல் வெளியான ஆய்வு வாதிட்டது. தரவை அப்படியே எடுத்துக் கணக்கிடுவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

இத்தனை உழைப்பும் பெரும்பாலும் அறிவியலாளர்கள் தம் சொந்த நேரத்தில் தன்னார்வமாகச் செய்வது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2017-க்குப் பின் ஆண்டுதோறும் சேரும் தரவு குறைந்து வருவது எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. ஒரு குளிர்காலத்தை அளக்காமல் விட்டுவிட்டால் அந்தக் குளிர்காலத்தை எப்போதுமே அளக்க முடியாது. உயர்கல்வி மாணவர்களுக்கும், காலநிலை குறித்து எழுதுவோருக்கும், மாதிரிகளைச் சோதிப்போருக்கும் இத்தொகுப்பை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஓர் இறுதி எண்ணை மட்டும் தேடுவோர் உலகக் கார்பன் நிதிநிலை அறிக்கையைப் பார்ப்பது மேல். பயன்படுத்துவோர் எப்போதும் அண்மைப் பதிப்பையே எடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் பழைய ஆண்டுகளின் பயணங்களும் புதிதாகச் சேர்கின்றன, முன்பு சேர்க்கப்பட்ட சிலவற்றின் தரக்குறிகளும் திருத்தப்படுகின்றன. எந்தப் பதிப்பு என்பதையும், குறிப்பிட்ட சில பயணங்களின் தரவையே பெரிதும் சார்ந்திருந்தால் அவற்றை அளந்தவர்களின் பெயர்களையும் எழுத்தில் குறிப்பிடுவது, தொகுப்பாளர்கள் பயனரிடம் கேட்கும் கைம்மாறு.